சிவப்புப் புள்ளி உட்காரும் இடம்

துபாய்க்குப் போனவன் திரும்பி வந்தால் செண்டு பாட்டில் கொண்டுவருவான், டார்ச் லைட் கொண்டுவருவான், கொஞ்சம் வசதிப்பட்டவனாக இருந்தால் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவான். செஞ்சியில் அதுதான் நடைமுறை. ஜான் பாஷாவுக்குத்தான் எதையும் எல்லாரையும்போலச் செய்யத் தெரியாதே. அக்கா வீட்டுக் கட்டிலில் துண்டை விரித்து, பெட்டியைத் திறந்து, கட்டைவிரல் பருமனில் இரண்டு கறுப்புக் குழாய்களை எடுத்து வைத்தான்.

“இன்னாடா இது?” என்றான் அவனுடைய அக்கா புருஷன் சர்தார்.

“துப்பாக்கி மேல மாட்டுறது மச்சான். குறி பாக்குற கொழா. உள்ள பாத்தா செவப்பா ஒரு புள்ளி தெரியும். புள்ளி எங்க உக்காருதோ அங்க ரவை போயிப் படும். நான் வேலை செய்யுற கடையில விக்கிற சாமான். ரெண்டுல ஒண்ணு ஒங்க கைத்துப்பாக்கிக்கு. பாத்து எடுத்துக்கங்க. இன்னொண்ணு மெட்ராஸ்ல எங்க மொதலாளி சிநேகிதருக்குக் குடுக்கணும்.”

சர்தார் குழாய்களைத் தொடவில்லை. அடுப்பங்கரையில் அவன் பெண்டாட்டி மெஹர் பானு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் எட்டிப்பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

சர்தாரின் பிழைப்பு பலூன் சுடும் கடை. மேல்மலையனூர் தேர், பனமலை ஏரிக்கரைத் திருவிழா, காணும் பொங்கலுக்குச் செஞ்சிக் கோட்டைச் சாலை என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் அவனுடைய பலூன் கட்டிய பலகை நிற்கும். மற்றக் கடைக்காரர்கள் நீளத் துப்பாக்கி வைத்திருப்பார்கள். சர்தார் கடையில் கைத்துப்பாக்கி. குழலை மடித்துக் காற்றடைத்து, ஈய ரவை போட்டுச் சுடுவது. பலூனைத் தவிர வேறெதையும் கொல்லாது. ஆனால் கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

பலூன் கடைத் துப்பாக்கி என்றாலே ஊர் உலகத்துக்கு ஒரு சந்தேகம் உண்டு. குழலை வளைத்து வைத்திருப்பான், எப்படிச் சுட்டாலும் படாது என்பார்கள். அனந்தபுரம் சந்தையில் கயிறு விற்கும் பச்சமுத்து இருக்கிறானே, அவன் வருஷாவருஷம் வந்து, கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு இதையே சத்தமாகச் சொல்வான். அந்த வாயை அடைக்கச் சர்தார் கண்டுபிடித்த வழிதான் முதல் வெடி. கடை விரித்ததும் பானு பலகைக்கு முன்னால் போய் நிற்பாள். மஞ்சள் பலூன் ஒன்றைக் காம்பில் பிடித்துக் கையை நீட்டிக்கொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். சர்தார் சுடுவான். பலூன் வெடிக்கும். கோணல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எவனாவது சொந்தப் பெண்டாட்டியைக் குறிபார்ப்பானா? கூட்டம் சிரித்துக்கொண்டே துப்பாக்கிக்குக் கை நீட்டும். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம் இது. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தவறியதில்லை என்று சர்தார் மார்தட்டாத டீக்கடையும் செஞ்சியில் இல்லை.

அந்தச் சர்தாருக்குத்தான் வலது கண்ணில் படலம் விழுந்திருந்தது. போன மாசிக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தது. கோட்டை மலைமேல் எப்போதும் பனி இறங்கியிருப்பதாக முதலில் நினைத்தான். சித்திரை வெயிலிலும் பனி விலகவில்லை என்றதும் புரிந்துவிட்டது. குழல் நுனியில் குறிபார்ப்பதற்கென்று இருக்கும் இரும்புப் பொட்டு அவனுக்குத் தெரிவதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முதல் வெடியிலும் பலூன் வெடித்தது. கண் போனால் என்ன, கைக்கு வழி தெரிகிறது என்று தேற்றிக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன்னால் ஒரே பயம்தான். குழல் நுனி ஒரு விரற்கடை தள்ளிப் போனால் பானுவின் முகம்.

இவ்வளவு பயந்தவன் நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தால் பானு முன்னால் வந்து நிற்க மாட்டாளே என்றா பயந்தான்? அப்படியிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்த பிறகும் வந்து நிற்பாள் என்று பயந்தான். அந்த எண்பத்து நாலாம் வருஷத்துக் காணும் பொங்கல் நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஜான் பாஷா குழாய்களோடு வந்து இறங்கினான். அல்லாவே அனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மச்சானும் மச்சினனும் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போனார்கள். மார்கழிப் பனி தண்ணீரின்மேல் படுத்துக்கிடந்தது. எதிரே ராஜகிரிக்கு அடிவாரமே இல்லை. மலையின் தலை மட்டும் கோட்டை மதிலோடு வானத்தில் மிதந்தது. ஜான் பாஷா வேலிகாத்தான் செடியில், முள் படாதபடி நூல்விட்டு, பலூன்களைக் கட்டிவிட்டு வந்தான்.

முதல் குழாய் கண்ணாடி போட்டது. பேட்டரியில் வேலை செய்வது. குழாய் வழியாகவே எதிரே இருப்பது தெரியும், அதன்மேல் புள்ளி தெரியும் என்றான் ஜான் பாஷா. சர்தார் வலது கண்ணை வைத்துப் பார்த்தான். கலங்கல்மேல் ஒரு சிவப்புக் கலங்கல். மழை நாளில் பஸ் கண்ணாடி வழியாக எதிர்வண்டி விளக்கைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“நல்லாத்தான் இருக்குது,” என்று சொல்லி வைத்தான். வேறென்ன சொல்வது.

“இத பாருங்க. இதுக்குப் பேட்டரியும் வேணாம், பகல் வெளிச்சமே போதும்.” இரண்டாவது குழாயைத் துப்பாக்கியில் திருகாணி போட்டு முடுக்கிக் கொடுத்தான் ஜான் பாஷா. “ஆனா இதுல முன்பக்கம் அடைச்சிருக்கும். ஒரு கண்ணால கொழாக்குள்ள பாக்கணும், இன்னொரு கண்ணையும் தொறந்து வெச்சுக்கணும்.”

முன்பக்கம் அடைத்த குழாயில் என்னத்தைப் பார்ப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே சர்தார் கண்ணை வைத்தான். நல்ல இருட்டு. இருட்டின் நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. படலம் விழுந்த கண்ணுக்கும் அந்தப் புள்ளி தெரிந்தது. அவன் மெதுவாக இடது கண்ணைத் திறந்தான்.

புள்ளி ராஜகிரியின்மேல் இருந்தது.

அவன் கையை அசைத்தான். புள்ளி மதிலோரமாக நடந்தது. படிகளில் ஏறியது. களஞ்சியத்துக் கூரையில் கொஞ்ச நேரம் நின்றது. பாலத்தைத் தாண்டி, உச்சியில் கொடிமேடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மலையில் இருந்த ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. இத்தனை மாதமாக அவன் பார்க்காத மலை. இடது கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, வலது கண்ணின் கலங்கலைப் பார்த்துப் பார்த்து அதை மறந்தே போயிருக்கிறான். பனி மெல்ல நகர்ந்தது, கொக்கு ஒன்று ஏரியைக் கடந்தது, புள்ளி அதன் கூடவே கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. சர்தாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

“இதான்டா,” என்றான். “இதான் எனக்கு.”

“சுட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க மச்சான்.”

புள்ளியைப் பலூனின் நடுவில் வைத்துச் சுட்டான். பலூன் ஆடாமல் அசையாமல் இருந்தது. இன்னொரு ரவை. அதுவும் பலூனில் படாமல் ஒரு சாண் தள்ளி இலையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அடுத்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. ஜான் பாஷா வாங்கிச் சுட்டான். முதலில் ஒன்று தவறியது, அப்புறம் பட்டது, மறுபடியும் பட்டது.

“திருகாணி லூசு,” என்றான் சர்தார்.

“திருகாணி சரியாத்தான் இருக்குது. எங்க மொதலாளி சொல்லுவாரு, இந்தக் கொழாயில ரெண்டு கண்ணும் ஒண்ணா ஒரே எடத்தப் பாத்தாத்தான் புள்ளி சரியா உக்காருமாம். ஒரு கண்ணு அசந்துச்சுன்னா புள்ளி நகந்துடுமாம். பாக்குறவனுக்குத் தெரியாதாம், பலூன் மேலதான் இருக்குற மாதிரியே காட்டுமாம்.” ஜான் பாஷா தயங்கினான். “மச்சான், ஒங்க கண்ணு...”

“என் கண்ணுக்கு இன்னா? கொழாயக் கழட்டு. பழைய மாதிரியே சுடுறேன் பாரு.”

கழற்றினான். சர்தார் பழைய மாதிரியே, கைக்குத் தெரிந்த வழியில் சுட்டான். சுட்டுக்கொண்டே இருந்தான். வேலிகாத்தான் இலைகள் உதிர்ந்தன. பலூன்கள் அப்படியே இருந்தன, அவனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு. பானு கையில் இருந்தால் ஒரே ரவையில் வெடிக்கிற பலூன், செடியில் இருந்தால் ஏன் வெடிக்க மாட்டேனென்கிறது? போன மாசிக்குப் பிறகு முதல் வெடியைத் தவிர அவன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துப் பானு தூக்குவாளியில் டீயோடு வரப்பில் வந்தாள். “விடிஞ்சதும் விடியாததுமா ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க? டீ கூடக் குடிக்காம.”

தரையில் கிடந்த குழாய்களைப் பார்த்தாள். முழுசாக இருந்த பலூன்களைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, “நான் புடிக்கிறேன், நீங்க சுடுங்க,” என்றாள்.

“வேணாம்.”

“இன்னா வேணாம்? செடியில கட்டினா காத்துல ஆடும். நான் புடிச்சா ஆடாது.” செடிப் பக்கம் போய் ஒரு பலூனை அவிழ்த்துக்கொண்டு, ஏரியை ஒட்டி நின்று கையை நீட்டினாள். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கம்போல உதட்டில் சிரிப்பு.

அடைத்த குழாயை மறுபடி மாட்டச் சொல்லி வாங்கிக்கொண்டான் சர்தார். துப்பாக்கியைத் தூக்கினான். புள்ளி பலூனில் உட்கார்ந்தது. பொய் உட்காரல் என்று இப்போது அவனுக்குத் தெரியும். இடது கண்ணை மூடினான், இருட்டில் புள்ளி மட்டும் நின்றது. திறந்தான், புள்ளி பானுவின் கன்னத்தில் இருந்தது. சிமிட்டினான், பலூனுக்கு வந்துவிட்டது. எது நிஜம் என்று எவன் கண்டான். இந்த ஒரு வருஷமும் நான் எதைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தான்.

பானுவின் கண்கள் மூடியே இருந்தன. சர்தார் துப்பாக்கியைச் சத்தமில்லாமல் திருப்பினான். அவளை விட்டு, பலூனை விட்டு, வெகுதூரம் தள்ளி ஏரித் தண்ணீரைப் பார்த்து நீட்டினான். சுட்டான்.

பானு கையில் இருந்த பலூன் வெடித்தது.

ஏரியில் ரவை விழுந்த இடத்திலிருந்து வட்டம் வட்டமாக அலை விரிந்துகொண்டிருந்தது. பானு கண்ணைத் திறந்தாள். அவன் துப்பாக்கி எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பார்த்தாள். அலையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஜான் பாஷா டீ வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டான். அவனுக்கும் சில நேரம் விவரம் உண்டு.

சர்தார் வந்து அவள் கையைப் பிடித்து விரித்தான். கிழிந்த பலூனோடு, விரலிடுக்கில் ஒரு வேலிகாத்தான் முள்.

“எப்பலேருந்து?”

“போன மாசி, மலையனூர்த் தேர்ல. அன்னிக்கி பலூன் வெடிக்கல. என் வளையல்தான் ஒடைஞ்சிது. ஜனங்க சிரிக்கப் போவுதேன்னு நகத்தால கீறிட்டேன். அடுத்த தடவையிலேருந்து முள்ளு.”

வளையல் உடைந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. கை தட்டியபோது உடைந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். அவன் அவள் முக்காட்டை முழங்கைக்கு மேல் ஒதுக்கினான். உள்பக்கம் சின்னச் சின்னதாய்த் தழும்புகள். கேட்டபோதெல்லாம் வடை சுடும்போது எண்ணெய் தெறித்தது என்று சொல்லிவந்தவை. ஒன்றின்மேல் விரலை வைத்தான்.

“இது வடையா?”

“அது வடைதான்,” என்றாள். “மத்தது இல்ல.”

சர்தார் கரையில் உட்கார்ந்துவிட்டான். ஊரெல்லாம் மார்தட்டிய மனுஷனுக்கு வந்தது கோபம்தான். “ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க சொன்னீங்களா?”

அவன் அழுதான். தன்னுடைய கண்ணுக்காக அழவில்லை. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் வந்து நின்றிருக்கிறாள், தான் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியாமல். பனி கரைந்து, ராஜகிரிக்கு அடிவாரம் வந்து, மலை தரையில் இறங்கி நின்ற பிறகும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பானுதான் முதலில் எழுந்தாள். துப்பாக்கியை எடுத்து, அடைத்த குழாயில் கண்ணை வைத்தாள். “அய்ய, மலை மேல உக்காந்துச்சு,” என்றாள் மெதுவாக. குழந்தை மாதிரி ஒரு குரல். துப்பாக்கியை ஏரிமேல், பனைமேல், மேகத்தின்மேல் எல்லாம் கொண்டுபோனாள். பிறகு செடியில் இருந்த ஒரு பலூனைச் சுட்டாள், வெடித்தது. அடுத்ததையும் சுட்டாள். சர்தார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கமாகவே நிற்க வைத்தோம், இந்தப் பக்கம் நிற்கச் சொல்லிக் கேட்கவே இல்லையே என்று நினைத்தான்.

“இந்தக் கொழாயே இருக்கட்டும்,” என்றாள் பானு. “மொதல் வெடி என்னுது. பலூன் நீங்க புடிங்க. பொங்கல் முடிஞ்சதும் பாண்டிச்சேரிக்குப் போயி கண்ணக் காட்டுறோம். பேச்சு மாறக் கூடாது.”

கண்ணாடிக் குழாய் மெட்ராஸுக்கே போகட்டும் என்று ஜான் பாஷா அதைப் பெட்டியில் வைத்து மூடினான்.

காணும் பொங்கல் அன்று காலையில் பானு புது பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து சர்தார் முன்னால் உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்து நகங்களை வெட்டினாள். சதை தெரிகிற அளவுக்கு ஒட்ட ஒட்ட வெட்டினாள். “இன்னா எனக்குக் கல்யாணமா?” என்று அவன் சலித்துக்கொண்டான். பேசாமல் இருங்க, வெட்டிக்கும் என்றாள்.

கோட்டைச் சாலையில் நடக்க இடமில்லை. மாட்டு வண்டியும் டிராக்டருமாய்ச் சுற்றுப்பட்டு ஜனம் முழுதும் புளிச்சாதத்தோடு வந்து இறங்கியிருந்தது. புளியமரத்தடியில் சர்தார் கடை விரித்தான். மஞ்சள் பலூனோடு பலகைக்கு முன்னால் போய் நின்றவன் சர்தார், துப்பாக்கியோடு இந்தப் பக்கம் நின்றவள் பானு என்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

“இன்னா பாய், ஆளு மாறிட்டீங்க?” பச்சமுத்துவின் குரல்தான். “கையில ஊசி கீசி வெச்சிருக்கியா? காட்டு பாக்கலாம்.”

இத்தனை வருஷத்தில் அவன் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். பானு நின்ற காலத்தில் கேட்டிருந்தால் மானம் போயிருக்கும். சர்தார் பலூனை இடது கைக்கு மாற்றி வலது கையை விரித்துக் காட்டினான். திரும்ப மாற்றி இடது கையைக் காட்டினான். ஒன்றுமில்லை.

கையை நீட்டினான். எதிரே பானு துப்பாக்கியைத் தூக்கினாள். சர்தார் கண்ணை மூடவில்லை. வலது கண்ணில் அவள் வெறும் வெள்ளை மங்கல். அதை மட்டும் மூடிக்கொண்டான். இப்போது துல்லியமாகத் தெரிந்தாள். அவளுடைய ஒரு கண் குழாய்க்குள் இருட்டைப் பார்த்தது, இன்னொரு கண் அவனைப் பார்த்தது. சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. சாலையும் கூட்டமும் மலைகளும் மெல்லப் பின்னால் நகர்ந்து, அந்தக் கண் மட்டும் மிச்சமிருந்தது. தன்மேல் எங்கோ ஒரு சிவப்புப் புள்ளி உட்கார்ந்திருக்கிறது, அது எங்கே என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டான். பயமாக இல்லை. இத்தனை நாள் அவள் நின்ற இடம் இதுதானா என்றிருந்தது.

ஆனால் அவள் துப்பாக்கியைச் சற்று இறக்கி மறுபடி தூக்கினாள். அவன் பார்த்துவிட்டான்.

தவறிவிட்டால்? இத்தனை ஜனத்துக்கு முன்னால், பச்சமுத்து சிரிக்க, பானு தலைகுனிந்து நின்றால்? அந்த எண்ணம் முடிவதற்குள் அவன் கட்டைவிரல் தானாகவே மடங்கிப் பலூனின் காம்பை அழுத்தியது. கீறப் பார்த்தது. கீற நகம் இல்லை. வெறும் சதைதான் ரப்பர்மேல் வழுக்கியது.

பலூன் வெடித்தது.

கூட்டம் கைதட்டியது. சர்தார் திரும்பிப் பலகையைப் பார்த்தான். பலூன் இருந்த இடத்துக்கு நேர் பின்னால் பலகையில் ரவை பதிந்திருந்தது. தொட்டுப் பார்த்தான், சூடாக இருந்தது. பானு துப்பாக்கியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வேகமாக வந்து அவன் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். கட்டைவிரலில் ஒட்டியிருந்த மஞ்சள் ரப்பரைப் பார்த்தாள்.

“தெரியும் எனக்கு,” என்றாள். “அதான் வெட்டி உட்டேன்.”